டர்போ சி 2.0 நல்ல சாமான்தான், ஆனா பிள்ளைங்க வகுப்புக்கு வேண்டாம்

இன்னிக்குக் கோயில் செய்தி எதுவும் இல்ல. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமை இருக்கறவங்க படிங்க. கணினி பக்கமே போகாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதப் பார்க்கறேன்.

விஷயம் இதுதான். வர்ற பள்ளி விடுமுறையில பிள்ளைங்களுக்கு சி மொழி சொல்லிக் கொடுக்கலாம்னு நம்ம இளைஞர்கள் சிலர் முடிவு பண்ணியிருக்காங்க. ரொம்ப சந்தோஷம். எந்த மென்பொருள்ல சொல்லித் தர்றதுன்னு பேச்சு வந்தப்போ, ஒரு தம்பி வாட்ஸ்அப் குழுவுல அந்தப் பழைய நீலத்திரைப் படத்தைப் போட்டு, "டர்போ சி தான் அடித்தளம், அதுல ஆரம்பிச்சாதான் பிள்ளைங்க உருப்படும்"னு எழுதிட்டாரு. கீழே பெரியவங்க வரிசையா கைதட்டல். "அண்ணன் அந்தக் காலத்து ஆளு, அண்ணனே சொல்லட்டும்"னு என்னையும் இழுத்து விட்டுட்டாங்க. சரி, சொல்றேன். ஆனா தம்பி எதிர்பார்க்கற பதில் இது இல்ல.

முதல்ல தெரியாதவங்களுக்காக. சி என்பது ஒரு கணினி மொழி. அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்துல உருவாக்கினது. நாம அந்த மொழியில எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கற மென்பொருளுக்குப் பேர் கம்பைலர். 1980களின் நடுவுல ஒரு நல்ல சி கம்பைலர் நூற்றுக்கணக்கான டாலர். கம்பெனிகள் வாங்கலாம், வீட்டுல ஒரு குளோன் கணினி வச்சிருக்கறவன் வாங்க முடியாது.

அந்த நிலைமையை உடைச்சது போர்லண்ட். கலிபோர்னியாவுல ஸ்காட்ஸ் வேலிங்கற ஊர்ல பிலிப் கான் நடத்தின கம்பெனி. 1983-ல டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு வித்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வச்சாங்க. அப்புறம் பாப் ஜெர்விஸ் எழுதின விசார்ட் சி என்ற கம்பைலரை வாங்கி, அதை வச்சு 1987-ல டர்போ சி 1.0-ஐ 99.95 டாலருக்குக் கொண்டு வந்தாங்க. 1988 தொடக்கத்துல 1.5. அதுலதான் படம் வரையற லைப்ரரி சேர்ந்துச்சு. கோடு, வட்டம், பார் சார்ட் எல்லாம் போடலாம். அதே வருஷம் பிற்பகுதியில 2.0. விலை 149.95 டாலர். அப்போ டாலருக்கு 2.70 ரிங்கிட் வாக்குல இருந்துச்சு, கணக்குப் பண்ணிப் பாருங்க, 400 ரிங்கிட். பினாங்குல ஃபேக்டரி லைன்ல நின்ன எங்களுக்கு அது சின்னக் காசு இல்ல.

நாங்க நாலு பேர் சேர்ந்து போட்டு வாங்கினோம். சிரிக்காதீங்க, அது திருட்டும் இல்ல. போர்லண்டோட லைசென்ஸ் அந்தக் காலத்துல ரொம்பப் பேர் வாங்கின ஒண்ணு. இந்த மென்பொருளைப் புத்தகம் மாதிரி வச்சுக்கோ, யார் வேணும்னாலும் படிக்கலாம், எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம், ஆனா ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல படிக்க முடியாது இல்லையா, அதே மாதிரி ஒரே நேரத்துல ரெண்டு மெஷின்ல ஓடக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. நாங்க நாலு பேரும் வேற வேற ஷிஃப்டு. டிஸ்க்குப் பெட்டி காலையில ஒரு வீட்டுல, ராத்திரி இன்னொரு வீட்டுல. லைசென்ஸ் எங்களுக்காகவே எழுதின மாதிரி இருந்துச்சு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 1.5-ல இருந்து 2.0-க்கு மாறினப்போ என்ன கிடைச்சுது?

விளம்பரத்துல நிறைய போட்டிருந்தாங்க. எங்களுக்கு முக்கியமா இருந்தது ஒண்ணே ஒண்ணு, உள்ளேயே டீபகர் வந்தது. அதாவது நாம எழுதின புரோகிராம் எந்த வரியில நிக்குது, அந்த நேரம் ஒவ்வொரு மாறியிலயும் என்ன மதிப்பு இருக்குன்னு நிறுத்தி நிறுத்திப் பார்க்கற வசதி. எஃப்7 அழுத்தினா ஒரு வரி நகரும், ஃபங்ஷன் வந்தா உள்ளே போகும். எஃப்8 அழுத்தினா ஃபங்ஷனுக்குள்ள போகாம அடுத்த வரிக்குத் தாண்டும். எஃப்4 போட்டா கர்சர் இருக்கற இடம் வரைக்கும் ஓடி நிக்கும். கண்ட்ரோல்-எஃப்7 போட்டு ஒரு மாறியோட பேரைக் கொடுத்தா, கீழே வாட்ச் ஜன்னல்ல அதோட மதிப்பு மாறிட்டே இருக்கும். கண்ட்ரோல்-எஃப்4 இன்னும் ஒருபடி மேல, ஓடிட்டு இருக்கற புரோகிராம்லயே மதிப்பை மாத்தி வச்சுட்டுத் தொடர்ந்து ஓட விடலாம்.

1.5 வரைக்கும் எங்களுக்கு இருந்த ஒரே வழி பிரிண்ட்எஃப். சந்தேகப்படற இடத்துல எல்லாம் "இங்க வந்துட்டேன்"னு ஒரு வரி அச்சடிக்கச் சொல்லி, மறுபடி கம்பைல் பண்ணி, ஓட விட்டு, திரையில என்ன வருதுன்னு பார்க்கணும். வேலை முடிஞ்சதும் அதையெல்லாம் தேடித் தேடி எடுக்கணும். ஊர்ல கேட்க ஒரு வாத்தியார் கிடையாது. இன்டர்நெட் கிடையாது. மேனுவல் ஆங்கிலம், எஸ்பிஎம் ஆங்கிலத்தை வச்சுக்கிட்டு அகராதியோட உட்காரணும். அப்படிப்பட்டவனுக்கு, புரோகிராம் தன் கண்ணு முன்னாடி ஒவ்வொரு அடியா நடந்து காட்டறது எப்படி இருந்திருக்கும்? பாயிண்டர்னா என்னன்னு எனக்குப் புரிய வச்சது எந்தப் புத்தகமும் இல்ல, அந்த வாட்ச் ஜன்னல்தான்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். இதை முதல்ல பண்ணினது போர்லண்ட் இல்ல. மைக்ரோசாப்டோட குயிக் சி 1987-லயே டீபகரோட வந்துடுச்சு. அந்த விஷயத்துல டர்போ சி பின்னால ஓடி வந்து பிடிச்ச ஆளுதான். நீலத்திரை ரசிகர்கள் இதைச் சொல்ல மாட்டாங்க.

ஒரு உதாரணம் விரிவா சொல்றேன், ஏன்னா என் வாதம் முழுக்க இதுலதான் இருக்கு.

டர்போ சி-ல வேலை பார்த்தவங்க எல்லாருக்கும் "நல் பாயிண்டர் அசைன்மெண்ட்"ங்கற வார்த்தை தெரிஞ்சிருக்கும். பாயிண்டர்ங்கறது ஒரு விலாசம். விலாசம் எழுதாம தபால் போட்டா எங்க போகும்? சி-ல அது பெரும்பாலும் பூஜ்ஜியம் நம்பர் வீட்டுக்குப் போய் விழும். போர்லண்ட்காரங்க என்ன பண்ணினாங்கன்னா, சின்ன மெமரி மாடல்கள்ல அந்தப் பூஜ்ஜியம் நம்பர் இடத்துல முதல்ல நாலு பைட் காலியா விட்டு, அதுக்கு அடுத்து தங்களோட காப்புரிமை வாசகத்தை எழுதி வச்சாங்க. புரோகிராம் முடியும்போது அந்த இடத்தைக் கூட்டிப் பார்ப்பாங்க. கூட்டல் மாறியிருந்தா, யாரோ அங்க எழுதிட்டாங்கன்னு அர்த்தம். உடனே அந்த எச்சரிக்கை திரையில வரும்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனா குறை என்ன? எச்சரிக்கை வர்றது கடைசியில. புரோகிராம் முழுக்க ஓடி முடிஞ்சாச்சு. எந்த வரி எழுதுச்சுன்னு தெரியாது. ஃபேக்டரியில லைன் பார்க்கற ஆளு நான், எனக்கு இது நல்லாத் தெரிஞ்ச வியாதி. பேக்கிங் பண்றதுக்கு முன்னாடி கடைசி இன்ஸ்பெக்‌ஷன்ல ரிஜெக்ட்னு தள்ளுவாங்க, எந்த ஸ்டேஷன்ல கெட்டுப் போச்சுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. எல்லா ஸ்டேஷன்காரனும் "நான் சரியாத்தான் பண்ணினேன்"னு நிப்பான்.

2.0 வந்ததும் இதுக்கு ஒரு வழி கிடைச்சுது. போர்லண்டே டிஸ்க்குல கூடக் கொடுத்த கேள்வி-பதில் ஃபைல்ல எழுதியிருந்த வழிதான். வாட்ச் ஜன்னல்ல ரெண்டு விஷயம் போட்டுக்கணும். ஒண்ணு, பூஜ்ஜிய விலாசத்துல இருக்கற முதல் நாலு பைட். இன்னொண்ணு, நாலாவது விலாசத்துல தொடங்கற எழுத்துகள், அதாவது அந்தக் காப்புரிமை வாசகம். அப்புறம் எஃப்8 தட்டித் தட்டி வரி வரியா நகர்த்தணும். எந்த வரி தாண்டினதும் அந்த வாசகம் சிதையுதோ, அந்த வரிதான் குற்றவாளி. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசல்லயும் ஒரு ஆள் நின்னு பார்க்கற மாதிரி. நேத்து வரைக்கும் ராத்திரி முழுக்கத் தேடினதை இப்போ காப்பி ஆறறதுக்குள்ள பிடிச்சுடலாம்.

அதனாலதான் சொல்றேன், 1.5-லயிருந்து 2.0-க்குப் போனது உண்மையான முன்னேற்றம். வேகம் கூடினதோ, விலை கூடினதோ, புது மெனு வந்ததோ எனக்குப் பெருசு இல்ல. கேட்க ஆள் இல்லாதவனுக்குத் தப்பு எங்க நடந்துச்சுன்னு கை காட்டுச்சு, அதுதான் கணக்கு.

எல்லாமே தேனும் பாலும் இல்ல. எங்ககிட்ட ஹார்ட் டிஸ்க் கிடையாது, ரெண்டு 360 கே ஃபிளாப்பி டிரைவ்தான். 2.0-ஓட முக்கிய ஃபைலே ஒரு டிஸ்க்கின் பெரும்பகுதியை எடுத்துக்கும். உதவி ஃபைலை அதோட சேர்த்து அதே டிஸ்க்குல வைக்க இடம் பத்தாது. ஹெட்டர், லைப்ரரி, நம்ம வேலை எல்லாம் ரெண்டாவது டிஸ்க்குல. கண்ட்ரோல்-எஃப்1 அழுத்தி ஒரு ஃபங்ஷனைப் பத்திக் கேட்டா, எந்த ஹெட்டர், என்ன கொடுக்கணும், என்ன திரும்பி வரும்னு அழகா சொல்லும், ஆனா அதுக்கு டிஸ்க்கை மாத்திப் போடணும். மாத்தறது, கேட்கறது, திரும்ப மாத்தறது. ஆர்வம் இருந்தவன் பண்ணினான்.

1.5-ல ரன் மெனுவைத் தொட்டாலே ஓடும். 2.0-ல அதைத் தொட்டா கீழே இன்னொரு பட்டியல் விரியும், கண்ட்ரோல்-எஃப்9-க்குக் கையைப் பழக்கணும். எங்க கூட்டாளி ஒருத்தரு கடைசி வரைக்கும் இதையே சொல்லிப் பொலம்புவாரு. டீபகர்ல நகரும்போது திரையில எழுதற வரி வந்தா, புரோகிராமோட திரை ஒரு நொடி வந்து மறையும், கண்ணு கூசும். ஆல்ட்-எஃப்5 போட்டு நிதானமாப் பார்த்துக்கலாம். இதெல்லாம் பழகிப் போற சங்கதி.

பெரிய ஆபத்து வேற. டாஸ்ல ஒரு புரோகிராமுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சுவர் கிடையாது. எடிட்டர், கம்பைலர், டீபகர், நம்ம புரோகிராம் எல்லாமே ஒரே 640 கே-க்குள்ள குடித்தனம். நம்ம பாயிண்டர் வழிதவறி அடுத்த வீட்டுக்குள்ள புகுந்தா மொத்த மெஷினும் உறைஞ்சு போகும். சுவிட்சை அணைச்சுப் போடணும், சேவ் பண்ணாத வரிகள் போயே போச்சு. ஓட விடறதுக்கு முன்னாடி தானா சேவ் பண்ணிக்கற வசதி ஆப்ஷன்ஸ்ல இருந்துச்சு. அதை ஆன் பண்ணி வச்சுக்கறதுதான் புதுசா வர்றவங்களுக்கு நாங்க சொல்ற முதல் பாடம்.

அடுத்து 1990-ல டர்போ சி++ வந்துச்சு. மவுஸ், ஒண்ணு மேல ஒண்ணு ஜன்னல், புது மொழி. கூடவே ஹார்ட் டிஸ்க் கட்டாயம். வசதி இருந்தவங்களுக்கு அருமையான சாமான். ரெண்டு ஃபிளாப்பியில ஓட்டிட்டு இருந்தவனுக்குக் கதவை மூடின மாதிரி. அதனால மேம்பாடுன்னு யாராவது சொன்னா யாருக்குன்னு கேட்டுக்கணும்.

இப்போ தம்பிக்கு வர்றேன்.

தம்பி போட்ட படம் 2.0 இல்ல, அது டர்போ சி++ 3.0. 1990களின் தொடக்கத்துச் சாமான். இன்னிக்கு 64 பிட் விண்டோஸ்ல அது நேரடியா ஓடவே ஓடாது, 16 பிட் புரோகிராமை அந்த விண்டோஸ் ஏத்துக்காது. டாஸ்பாக்ஸ்னு ஒரு மென்பொருளைப் போட்டு, அதுக்குள்ள ஒரு பொய்யான பழைய கணினியை உருவாக்கி, அதுக்குள்ளதான் ஓட்டணும். இந்தியாவுல பல கல்லூரிகள் வருஷக்கணக்கா இப்படித்தான் ஓட்டினாங்க. தமிழ்நாட்டுக்குப் பொறியியல் படிக்கப் போன ஒரு பையன் லேப்டாப்புல நானே பார்த்தேன். அவன் பாட்டனாரா இருக்க வேண்டிய மென்பொருளை அவன் அத்தியாவசியம்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்.

அதுல கத்துக்கிட்டா என்ன ஆகும்? சின்னதா ஒரு கணக்கு. ஒரு டிரேயில 200 பீஸ், 200 டிரே. மொத்தம் 40,000. டர்போ சி-ல சாதாரண முழு எண் மாறியில போட்டா மைனஸ் 25,536-னு வரும். ஏன்னா அதுல முழு எண்ணுக்கு 16 பிட்தான், 32,767-க்கு மேல பிடிக்காது. 1989-ல அது மெஷினோட இயல்பு, தெரிஞ்சுதான் எழுதினோம். இன்னிக்குப் பிள்ளைங்க கையில இருக்கற எந்தக் கணினியிலயும் அந்த எல்லை கிடையாது. இல்லாத சுவத்துல முட்டிக்கக் கத்துக் கொடுக்கறது எதுக்கு?

அடுத்து "ஃப்ளோட்டிங் பாயிண்ட் ஃபார்மட்ஸ் நாட் லிங்க்ட்". டர்போ சி குடும்பத்துல பேர் போன தொந்தரவு இது. தசமப் புள்ளி எண்ணை ஸ்கேன்எஃப் வழியா வாங்கினா, சில நேரம் இப்படிச் சொல்லிட்டுப் புரோகிராம் செத்துப் போகும். பிள்ளை எழுதினதுல தப்பே இருக்காது. இடத்தை மிச்சம் பிடிக்கறதுக்காக, தேவைப்படாதுன்னு தோணினா தசம எண் சம்பந்தப்பட்ட பகுதியைச் சேர்க்காம விட்டுடும், சில நேரம் அந்தக் கணிப்பு தப்பிப் போகும். டென்னிஸ் ரிச்சியோட ஆதி பிடிபி-11 கம்பைலர்லயும் இதே சிக்கனம் இருந்துச்சு, அதனால கேவலமா ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா 13 வயசுப் பிள்ளை, முதல் வகுப்புல, சரியா எழுதிட்டுத் தன்மேல சந்தேகப்பட்டு உட்கார்ந்திருக்கறதை நான் பார்க்க விரும்பல. அந்தப் பிள்ளை ரெண்டாவது வகுப்புக்கு வராது.

அப்புறம் திரையை அழிக்கற கிளியர் ஸ்கிரீன், விசைக்குக் காத்திருக்கற கெட்ச், இதெல்லாம் சி மொழியோட தரத்துல கிடையாது, டாஸ் கம்பைலர்களோட சொந்தச் சரக்கு. சி-க்கு அமெரிக்கத் தர நிர்ணயம் 1989-ல வந்துச்சு. தர நிர்ணயம்னா, எந்த மெஷின்ல எழுதினாலும் எல்லா மெஷின்லயும் ஓடணும்னுதான். டர்போ சி பழக்கத்துல எழுதற பிள்ளையோட முதல் புரோகிராம் லினக்ஸுக்குப் போனா முதல் வரியிலயே நிக்கும். சி++ பக்கம் இன்னும் மோசம். அந்த மொழிக்குத் தர நிர்ணயமே 1998-லதான் வந்துச்சு, 3.0 அதுக்கெல்லாம் முன்னாடி பிறந்தது.

சரி, பதிலுக்கு என்ன இருக்கு? ஜி.சி.சி., கிளாங். ரெண்டுமே இலவசம், ரெண்டுமே உலகம் முழுக்க இன்னிக்கு வேலைக்கு எடுத்துக்கற கம்பைலர்கள். பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டாலே போதும். நான் மேல சொன்ன நல் பாயிண்டர் கதையை இங்க பாருங்க. பூஜ்ஜிய விலாசத்துல எழுதப் போன அதே நொடியில சிஸ்டம் புரோகிராமைப் பிடிச்சு நிறுத்திடும், கடைசி வரைக்கும் காத்திருக்காது. கம்பைல் பண்ணும்போது அட்ரஸ் சானிடைசர் என்ற ஆப்ஷனையும், டீபக் தகவல் ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டா, எந்த ஃபைல், எந்த வரின்னு நம்பரோட சொல்லும். எல்லையைத் தாண்டி அரேயில எழுதினாலும் பிடிக்கும், திருப்பிக் கொடுத்த மெமரியை மறுபடி தொட்டாலும் பிடிக்கும். வாட்ச் போட்டு எஃப்8 தட்டிக் கண்டுபிடிச்சதை இது தானாச் செய்யுது. டர்போ சி 2.0-ஐ எதுக்காகக் கொண்டாடினோமோ, அதே காரணத்துக்காக இன்னிக்கு இதைத்தான் எடுக்கணும்.

தம்பி கட்சிக்காரங்க சொல்ற ஒரு வாதத்துல உண்மை இருக்கு, அதை மறைக்க மாட்டேன். டர்போ சி-ல ஒரு விசை அழுத்தினா ஓடும். தப்பு இருந்தா கர்சர் அந்த வரியிலயே போய் நிக்கும். ஜி.சி.சி.யை வெறும் கறுப்புத் திரையில கட்டளை அடிச்சுப் பழக்கறது சின்னப் பிள்ளைங்களுக்குக் கஷ்டம். இன்னொண்ணும் உண்டு. சமம்-சமம்னு ரெண்டு அடிக்க வேண்டிய இடத்துல ஒரே ஒரு சமம் போட்டா, டர்போ சி கேட்காமலே "இது தப்பா இருக்கலாம்"னு எச்சரிக்கும். ஜி.சி.சி. தானாச் சொல்லாது, எச்சரிக்கைகளை வெளிப்படையாக் கேட்கணும், டபிள்யூ-ஆல்னு ஒரு ஆப்ஷன். அந்த விஷயத்துல கிழவன் கெட்டிக்காரன்தான். கிளாங் இப்போ கேட்காமலே சொல்லுது.

ஆனா இதுக்குத் தீர்வு 1990-க்குத் திரும்பிப் போறது இல்ல. கோட் பிளாக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. எஃப்9 அழுத்தினா கம்பைல் ஆகி ஓடும். எஃப்7 அழுத்தினா டீபகர்ல அடுத்த வரிக்கு நகரும். தப்பு கீழே பட்டியல்ல வரும், தொட்டா அந்த வரிக்குப் போகும். உள்ளே ஜி.சி.சி. இருக்கும். எச்சரிக்கை ஆப்ஷனை முதல் நாளே ஒரு தடவை டிக் பண்ணி வச்சுட்டா முடிஞ்சுது. டர்போ சி கொடுத்த சுகம் அத்தனையும் இருக்கு, 640 கே கிடையாது, டிஸ்க்கு மாத்தற வேலை கிடையாது.

"கஷ்டப்பட்டுப் படிச்சாதான் மனசுல நிக்கும்"னு குழுவுல ஒரு அண்ணன் எழுதியிருந்தாரு. அண்ணனுக்கு மரியாதையோட பதில். நாங்க கஷ்டப்பட்டது சி மொழியோட மட்டும் இல்ல. டிஸ்க்கு இடம் பத்தாததோட, மெமரி மாடல் ஆறுல எதை எடுக்கறதுன்னு தெரியாததோட, 64 கே-க்கு மேல ஒரு அரே வைக்க முடியாததோட. அந்தக் கஷ்டத்துல பாதிக்கு மேல இன்டெல் 8088 சில்லோட கஷ்டம். அந்தச் சில்லே இப்போ இல்ல. பாயிண்டர் கஷ்டம் இன்னும் அப்படியே இருக்கு, கவலைப்படாதீங்க, பிள்ளைங்க படறதுக்கு அது ஒண்ணே தாராளமாப் போதும்.

இன்னொண்ணையும் யோசிங்க. 1989-ல நாங்க எடுத்தது பழைய சாமான் இல்ல. அன்னிக்கு வந்ததுலயே புதுசு, எங்க காசுக்கு எட்டினதுலயே நல்லது. எங்களுக்கு முந்தின தலைமுறை ஆளு யாராவது வந்து, "தம்பி, பஞ்ச் கார்டுல ஆரம்பிச்சாதான் அடித்தளம்"னு சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்போமா?

வகுப்பு நடத்தற தம்பிமார்களுக்கு என் யோசனை இதுதான். முதல் மூணு வாரம் கோட் பிளாக்ஸ், எச்சரிக்கை எல்லாம் ஆன். நாலாவது வாரம் பாயிண்டர். அன்னிக்கு வேணும்னே ஒரு நல் பாயிண்டர் புரோகிராம் எழுதி ஓட விடுங்க, பிள்ளைங்களையே டீபகர்ல எஃப்7 தட்டி எந்த வரின்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. கடைசி நாள் நேரம் இருந்தா, டாஸ்பாக்ஸ்ல டர்போ சி 2.01-ஐ ஒரு அரை மணி நேரம் காட்டுங்க, மியூசியம் காட்டற மாதிரி. போர்லண்டே பின்னால அந்தப் பதிப்பைப் பழம்பொருள்னு சொல்லி இலவசமா டவுன்லோடுக்கு விட்டாங்க, அதனால அந்தக் கவலையும் வேண்டாம். ஃபைல் பட்டியல்ல நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்க, 2:01-னு இருக்கும். போர்லண்ட்காரங்க பதிப்பு எண்ணை ஃபைல் நேரத்துல வச்சு அனுப்புவாங்க, 2.0-ன்னா 2:00, 1.5-ன்னா 1:50. பிள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ரெண்டு லேப்டாப் என் பங்கு, லினக்ஸ் போட்டே தர்றேன். ஷிஃப்டு இல்லாத சனிக்கிழமை வந்து பின்னாடி உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கவும் தயார். ஆனா நீலத்திரையிலதான் வகுப்புன்னா என்னை விட்டுடுங்க.

பின்குறிப்பு: டர்போ சி 1.5-ஓட மேனுவல் யார் வீட்டு ஸ்டோர்லயாவது கிடந்தா பழைய பேப்பர்காரங்களுக்குப் போட்டுடாதீங்க. எங்க நாலு பேர் பெட்டியில அது மட்டும் காணாமப் போச்சு. எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.